முத்துப்பிள்ளை: எண் இறங்கும் வரை காத்திருங்கள்

நாள் தள்ளிப்போகிறது. வாந்தி ஆளையே சாய்க்கிறது, சிலருக்கு இரத்தமும் கசிகிறது. ஸ்கேனில் குழந்தையின் துடிப்பைத் தேடினால், கருப்பை நிறைய திராட்சைக் கொத்து போல நீர்க்கொப்புளங்கள். முத்து முத்தாக இருப்பதால்தான் முத்துப்பிள்ளை என்று பெயர்.

தவறு நடப்பது கருத்தரிக்கும்போதே. தாயின் குரோமோசோம்கள் இல்லாத சினைமுட்டைக்குள் பெரும்பாலும் ஒரு விந்தணு புகுந்து, தன் 23 குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. கணக்கு 46 சரி, ஆனால் அத்தனையும் தந்தையுடையவை. தந்தைவழி மரபணுக்களின் உந்துதலில் நஞ்சுக்கொடித் திசு மட்டும் பெருகும்; குழந்தை உருவாகாது. இது முழு வகை. நல்ல முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்து 69 ஆனால் பகுதி வகை. அந்தப் பெண் எதைத் தின்றாள், எதைத் தூக்கினாள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

ஆரம்ப வாரங்களில் ஸ்கேன் இதைத் தவறவிடலாம். சாதாரணக் கருச்சிதைவு என்று நினைத்துச் சுத்தம் செய்த திசுவைப் பரிசோதித்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

மயக்க மருந்து கொடுத்து, கருப்பையில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடு காட்டும் அதே எச்.சி.ஜி. ஹார்மோனைத்தான் இந்தத் திசுவும் சுரக்கிறது. துளி திசு மிச்சமிருந்து வளர்ந்தாலும் இரத்தத்தில் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வாராவாரம் பரிசோதனை. லட்சத்தில் இருந்தது ஆயிரம், நூறு என்று இறங்கி 5-க்குக் கீழே வர வேண்டும். அப்புறமும் மருத்துவர் சொல்லும் காலம் வரை மாதாமாதம் பார்க்க வேண்டும். அதுவரை கர்ப்பம் வேண்டாம். புதுக் கர்ப்பமும் எண்ணை ஏற்றிக் குழப்பிவிடும்.

எண் மூன்று வாரம் அசையாமல் நின்றாலோ, தொடர்ந்து ஏறினாலோ, திசு கட்டியாக மாறியிருக்கிறது. முழு வகையில் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு இப்படி நேர்கிறது. நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்து, ஆபத்து எவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். 6 வரை என்றால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற ஒற்றை மருந்து. 7 அல்லது அதற்கு மேல் என்றால் கூட்டு மருந்துகள். 1956-ல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் முதலானோர், நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றி நுரையீரல் வரை பரவிய கோரியோகார்சினோமா புற்றுநோய் மெத்தோட்ரெக்ஸேட்டால் மறைந்ததை வெளியிட்டார்கள். இன்று குறைந்த மதிப்பெண் உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள்.

நஞ்சுக்கொடி ஒட்டிய இடத்தில் வளரும் அரிய கட்டி ஒன்று மட்டும் விதிவிலக்கு. அது எச்.சி.ஜி.யை அதிகம் சுரக்காது, மருந்துக்கும் எளிதில் மசியாது. கருப்பையையே எடுக்க நேரலாம்.

மற்றவர்களில் பெரும்பாலோர் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். திரும்ப முத்துப்பிள்ளை வருவது 100-ல் ஓரிருவருக்குத்தான். அடுத்த முறை நாள் தள்ளிப்போனால் சீக்கிரமே ஒரு ஸ்கேன், பிரசவம் ஆன 6 வாரத்தில் ஒரு எச்.சி.ஜி. பரிசோதனை.