'லெக்': செங்கோணப் பக்கமும் உட்கால் நீளமும்

ஆங்கிலத்தில் 'லெக்' என்ற ஒரே சொல் மனிதனின் காலையும், பேன்ட்டில் அந்தக் கால் நுழையும் பகுதியையும், செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை உண்டாக்கும் இரு பக்கங்களில் ஒவ்வொன்றையும் குறிக்கிறது. பழைய நார்ஸ் மொழியின் 'லெக்ர்' என்பதிலிருந்து வந்த அச்சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் 'கால்' என்று பெயர்த்தால், 'முக்கோணத்தின் கால்களைக் காண்க' என்பது போன்ற வாக்கியங்கள் பிறக்கும். நான்கில் ஒரு பங்குக்கும் தமிழில் கால் என்றே பெயர் இருப்பதால், கணக்குப் பாடத்தில் இது மாணவரை வீணாகத் தடுமாற வைக்கும்.

முக்கோணத்துக்கு உடலுறுப்பின் பெயரைச் சூட்டுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதியில் ஒரு பக்கம் புஜம், அதாவது கை. மற்றொன்று கோடி, அதாவது வில்லின் நுனி. செங்கோணத்துக்கு எதிரே உள்ளது கர்ணம். பழைய சீனக் கணிதத்தில் குறுகிய பக்கத்துக்குக் கொக்கி என்றும், நீண்ட பக்கத்துக்குத் தொடை என்றும், கர்ணத்துக்கு நாண் என்றும் பொருள்படும் பெயர்கள் உள்ளன. கிரேக்கத்தில் 'சமமான கால்களை உடையது' என்று பெயர் பெற்ற முக்கோணத்தைத் தமிழில் இருசமபக்க முக்கோணம் என்றுதான் வழங்குகிறோம். அங்கே கால் பக்கமாக மாறியதால் பொருள் சிறிதும் குறையவில்லை.

தமிழ்நாட்டில் கர்ணம் என்றும் இலங்கையில் செம்பக்கம் என்றும் பெரிய பக்கத்துக்கு நல்ல பெயர்கள் நிலைத்துவிட்டன. மற்ற இரண்டுக்கும் 'செங்கோணத்தை உள்ளடக்கிய பக்கங்கள்' என்னும் விளக்கம் இருக்கிறதே தவிர, சுருக்கமான பெயர் நிலைக்கவில்லை. அவற்றைத் 'தாங்கு பக்கம்' என்று அழைக்கலாமே என்றால், அச்சொல்லை நான் ஏற்கத் தயங்குகிறேன். வட்டத்தில் ஒரு நாண் தனக்கு எதிரே 'தாங்கும் கோணம்' என்று நாம் சொல்கிறோம். அந்த வழக்கின்படி செங்கோணத்தைத் தாங்குவது கர்ணமே ஆகும். ஆகவே 'செங்கோணப் பக்கம்' என்பதே பொருத்தமானது. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் என்பவை எந்தக் குறுங்கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இடம் மாறும்; செங்கோணப் பக்கம் மாறாது.

பேன்ட்டுக்கு வருவோம். நம் தையற்கடையில் 'லெங்த்' என்பது இடுப்புப் பட்டியிலிருந்து காலின் வெளிப்புறமாக நாடாவை இறக்கி எடுக்கும் அளவு. ஆயத்த பேன்ட்டின் அளவுச் சீட்டில் 32/30 என்று இருந்தால், முன்னது இடுப்பு, பின்னது கவட்டையிலிருந்து காலின் உட்புறத் தையல் வழியே அடிமடிப்பு வரையுள்ள நீளம்; இரண்டும் அங்குலக் கணக்கு. தையற்கடையில் 40 என்று குறித்துக்கொண்டவர் அதே எண்ணைச் சீட்டில் தேடினால் கிடைக்காது, ஏனெனில் இடுப்புக்கும் கவட்டைக்கும் இடைப்பட்ட பத்து அங்குலம்போல அதில் சேர்ந்திருக்கிறது. 'இன்சீம்' எனப்படும் உட்புற அளவை 'உட்கால் நீளம்' என்றும், கடையில் எடுப்பதை 'வெளிக்கால் நீளம்' என்றும் குறிக்கலாம். உட்கால் என்பது உள்ளங்காலை நினைவூட்டக்கூடும் என்பதால் 'நீளம்' என்ற சொல்லை விடாமல் சேர்த்தெழுத வேண்டும்.

உட்கால் நீளத்தை வீட்டிலேயே அளக்க, வெறுங்காலுடன் சுவரில் முதுகு சாய நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டையில் பொருந்த வைத்து, அதன் விளிம்பு சுவரோடு செங்கோணமாக இருக்கும்படி பிடித்து, மேல் விளிம்பு தொடும் இடத்தில் பென்சிலால் குறித்து, அங்கிருந்து தரைவரை அளப்பார்கள். சைக்கிளின் இருக்கை உயரத்தைக் கணிக்கவும் இதே முறை பயன்படுகிறது. பாதங்களை அகற்றி வைத்தால் அளவு தவறிவிடும். 30 அங்குலக் கால்களை உடையவர் பாதங்களை 16 அங்குலம் விலக்கி நின்றால், ஒவ்வொரு காலும் நடுக்கோட்டிலிருந்து 8 அங்குலம் சாய்கிறது; 30-இன் வர்க்கமான 900-இலிருந்து 8-இன் வர்க்கமான 64-ஐக் கழித்து வர்க்கமூலம் கண்டால், கவட்டையின் உயரம் ஏறத்தாழ 28.9 அங்குலம்தான். அப்போது மனிதனின் கால் கர்ணமாகிவிடுகிறது. சுவரில் நாம் குறித்தது செங்கோணப் பக்கத்தை.