கண்ணில் இருக்கும் ஓட்டை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி. அதற்கு நேர் வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி, 1 செ.மீ. அகலத்தில் ஒரு கரும்பொட்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். கை எட்டும் தூரத்திலிருந்து தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தொலைவில் பொட்டு காணாமல் போகும். இன்னும் நெருங்கினால் திரும்பி வந்துவிடும்.

மறையவில்லையா? பெரும்பாலும் கண் திருட்டுத்தனமாகப் பொட்டின் பக்கம் நழுவியிருக்கும். தலையோ தாளோ சாய்ந்திருந்தாலும் தவறிப்போகும்.

பொட்டு மறைவதற்குக் காரணம் கண்ணுக்குள் நரம்பிழைகள் போடப்பட்டிருக்கும் விதம். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பின்னால் இருக்கின்றன. அவற்றின் செய்தியைச் சுமக்கும் இழைகள் முன்னால், ஒளி வரும் பக்கம் ஓடுகின்றன. ஏறத்தாழ 10 லட்சம் இழைகளும் ஓரிடத்தில் திரண்டு, விழித்திரையைத் துளைத்துக்கொண்டுதான் மூளைக்குப் போகவேண்டும். ஒன்றரை மி.மீ. அகலமுள்ள அந்த வட்டில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. ஆக்டோபஸின் கண்ணில் இழைகள் பின்பக்கமாகவே கிளம்புவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பார்வை நரம்பு நுழையும் இடத்தில் பார்வை எப்படி இருக்கும் என்று சோதிக்கப் போய், 1660களில் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மே மரியோட் இந்தக் குருட்டுப் புள்ளியைக் கண்டுபிடித்தார். 'புள்ளி' என்ற பெயர்தான் ஏமாற்றுகிறது. பார்வையின் மையத்திலிருந்து சுமார் 15 பாகை வெளிப்பக்கமாக இருக்கும் இதன் அகலம் ஐந்தரை பாகை. பத்து முழு நிலவுகளை வரிசையாக வைத்தாலும் உள்ளே அடங்கும். 2 மீட்டர் தொலைவில் நிற்பவரின் தலையே அதற்குள் மறையும்.

இவ்வளவு பெரிய ஓட்டை ஏன் தெரிவதில்லை? இரு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்று விட்டதை மற்றது பார்த்துவிடும். ஆனால் ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் அங்கே கரும்பள்ளம் எதுவும் தோன்றுவதில்லையே. பொட்டு மறைந்த இடத்தில் வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. சிவப்புத் தாளில் செய்தால் சிவப்பு தெரியும். மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஒட்டுப்போடுகிறது.

அந்த ஒட்டுக்கும் ஒரு விதி உண்டு. பொட்டுக்குப் பதிலாக, அதே இடத்தில் 10 செ.மீ. நீளத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, நடுவில் 1 செ.மீ. விட்டுவிடுங்கள். அந்த இடைவெளி குருட்டுப் புள்ளிக்குள் வரும்போது கோடு முழுசாகத் தெரியும். மேல்பாதியை மட்டும் வரைந்து, அதன் நுனியைப் புள்ளிக்குள் முடியவிட்டால் மூளை கோட்டை நீட்டித் தருவதில்லை. இரு பக்கமும் சாட்சி இருந்தால்தான் நடுவில் கற்பனை செய்கிறது. மூளையின் மேலடுக்கில், கண்ணிலிருந்து வரும் செய்தியை முதலில் வாங்கும் பகுதியின் செல்களே இந்த இல்லாத கோட்டுக்கு எதிர்வினை காட்டுவது குரங்குகளில் பதிவாகியிருக்கிறது.

இதைவிட வியப்பு, 2017இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. ஒரே மாதிரியான கோடுகள் நிரம்பிய இரண்டு வட்டங்களில் ஒன்றை முழுதாகப் பார்க்கும்படியும், மற்றொன்றின் நடுப்பகுதி குருட்டுப் புள்ளியில் விழும்படியும் காட்டி, எதில் கோடுகள் அறுபடாமல் இருக்கின்றன என்று கேட்டார்கள். நேரில் பார்த்ததைவிட, மூளை இட்டு நிரப்பியதையே மக்கள் சற்று அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள்!

இந்த ஒட்டுவேலை ஆபத்தாவது கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயில். நரம்பிழைகள் மெல்ல மெல்ல அழியும்போது, பார்வையின் ஓரங்களில் புதிய ஓட்டைகள் விழுகின்றன. அவையும் கறுப்பாகத் தெரிவதில்லை. பலர் வெகுநாள் கழித்தே மருத்துவரிடம் போகிறார்கள்; அதற்குள் போன பார்வையை மீட்க வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பார்வைப் புலச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். அதில் நடுவிலிருக்கும் விளக்கையே பார்த்தபடி, ஓரத்தில் ஒளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். இடையிடையே கருவி வேண்டுமென்றே குருட்டுப் புள்ளிக்குள் ஒளியை மின்னவிடும். அப்போதும் பொத்தானை அழுத்திவிட்டால், கண் நடுவிளக்கைவிட்டு நகர்ந்துவிட்டது என்று கருவி குறித்துக்கொள்ளும்.