கோழிக் கொட்டகைக்கு மானியம்: குஞ்சைப் பார்ப்பதற்கு முன் சிட்டாவைப் பாருங்கள்

எங்கள் தெருவில் ஒரு பெண் கொல்லையில் பதினான்கு நாட்டுக்கோழிகளும் இரண்டு வான்கோழிகளும் வளர்க்கிறார். கோழிப் பண்ணைக்கு மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காகிதங்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மூன்று முறை பேருந்தேறிப் போனார். முதல் முறை வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டா பதினோரு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மாமனாரின் பெயரில் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் முறை இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றார்கள். இந்த மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம், யாரும் கொடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, 250 கோழிகள் கொண்ட சிறிய நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்க, கொட்டகை, தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு, நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றின் செலவில் 50 சதவீதம் மானியம் தருகிறது. அண்மை ஆண்டு அறிவிப்புகளில் இது 1,56,875 ரூபாய். நான்கு வார வயதுடைய 250 குஞ்சுகள் ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து இலவசமாக வரும். விதவைகள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு. விண்ணப்பத்தை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலானோர் விழுவது நிலத்தில். குறைந்தது 625 சதுர அடி இடம் வேண்டும், சிட்டா, அடங்கல் நகல் வேண்டும் என்பது படிக்கும்போது சிறிய நிபந்தனையாகத் தெரியும். ஆனால் நம் காவிரி டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுபவர்கள் எத்தனை பேர், பங்காளிகள் ஐவரின் பெயர்கள் கிடக்கும் கூட்டுப் பட்டாவை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பாருங்கள். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால், திட்ட அறிவிப்பு வந்தபின் வாரிசுச் சான்றிதழுக்கு ஓடுவதில் பயனில்லை. சான்றிதழ் கைக்கு வருவதற்குள் மாவட்டத்துக்கு ஒதுக்கிய மிகச் சில பண்ணைகளும் வேறு யாருக்காவது போய்விடும். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கும் அதைத் தொடர்ந்து பட்டா மாறுதலுக்கும் இன்றே மனுச் செய்யுங்கள். இடம் வீட்டுக்கு அருகில், மேடாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தைக் காட்டினால், கோழியைத்தான் முதலில் இழப்பீர்கள்.

இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இங்கே பண்ணை வைக்க முடியாது என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். டெல்டாவை அப்படி அறிவித்த 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, தோல் பதனிடுதல், உலோக உருக்காலை போன்றவற்றை. கோழிக் கொட்டகை அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த தடை பணம். மீதிப் பாதியை நீங்கள் போடுவீர்கள் என்பதற்கு வங்கிக் கணக்கு விவரமோ கடன் ஒப்புதல் கடிதமோ காட்ட வேண்டும். மானியம் வருமென்ற நம்பிக்கையில் வட்டிக்கு வாங்கி, தேர்வு ஆணை வருவதற்கு முன்பே கீற்றும் கம்பியும் இறக்கிவிடாதீர்கள். மூன்று ஆண்டுகள் பண்ணையை நடத்துவேன் என்றும், முன்பு கோழிப் பண்ணைத் திட்டத்தில் பயன்பெறவில்லை என்றும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

இது நாட்டுக்கோழிக்கான திட்டம். கறிக்கோழிக்கும் வான்கோழிக்கும் இதில் இடமில்லை. மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் 25 லட்சம் வரை மானியம் உண்டு என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். அது குறைந்தது 1,000 தாய்க்கோழிகளும் குஞ்சு பொரிப்பகமும் வைப்பவருக்கானது. கொல்லையில் ஐம்பது வளர்ப்பவருக்கு அது வழியல்ல.

அவர்களுக்குப் பயன்படுவது, விவசாயிகளுக்கு வங்கி குறைந்த வட்டியில் கடன் தரும் கிசான் கடன் அட்டை. 2018–19 முதல் அது கோழி வளர்ப்புக்கும் உண்டு. வாடகைக் கொட்டகை வைத்திருப்பவரும் கேட்கலாம். குஞ்சு, தீவனம், மருந்துச் செலவுக்கானது இது, கொட்டகை கட்டுவதற்கு அல்ல. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக் கூடாது. தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதமாகக் குறையும். இவ்வளவு தெளிவாக விதி இருந்தும், நிலப் பத்திரம் கொண்டுவா என்று வங்கியில் சொல்வதை நானே நின்று கேட்டிருக்கிறேன். வாய்ப்பேச்சோடு எழுந்து வராமல், மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேருக்கு அப்போதே விண்ணப்பப் படிவம் கிடைத்துவிடுகிறது.

வான்கோழிக் குஞ்சை எங்களிடம் வாங்குங்கள், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கொங்கு நாட்டில் ஈமு கோழியில் பணம் போனது இப்படிச் சொல்லித்தான். மானியம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலும், நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். அந்தப் பெண்ணிடம் மூன்று பயணத்துக்கும் ஒரு சான்றுகூட இல்லை. அதனால் முறையிடவும் முடியவில்லை. முத்திரையிட்ட நகல் இருந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதை இணைத்துக் கொடுக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், யார் யார் தேர்வானார்கள், என் மனு எந்தக் காரணத்தால் விடுபட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அவர் இப்போது வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்திருக்கிறார். ஒப்புகைச் சீட்டு அந்த மஞ்சள் பையில் மேலாக இருக்கிறது.