மழைக்காலத்தில் எல்கேஜி குழந்தையின் தட்டு

ஐப்பசியில் சேர்ந்தாற்போல் நாலு நாள் மழை பெய்தால் போதும், வீட்டில் குழந்தைக்கான தடைப் பட்டியல் தயாராகிவிடும். கொய்யா கூடாது, ஆரஞ்சு கூடாது, வாழைப்பழம் சளி, தயிர் குளிர்ச்சி, கீரையில் பூச்சி. கடைசியில் பிள்ளைக்கு மிஞ்சுவது காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், சாயங்காலம் பாலும் பிஸ்கட்டும், ராத்திரி மறுபடி இட்லி. மார்கழி வரை இப்படியே ஓட்டிவிட்டு, தை மாதம் "டாக்டர், இவன் சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று அழைத்து வருவார்கள்.

சளிக்குக் காரணம் வைரஸ். மழைக்கு ஜன்னலைச் சாத்திய வகுப்பறையில் பக்கத்துப் பிள்ளை இருமினால் அது தொற்றும். கொய்யாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அரைமணி நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள், போதும். பழத்தை நிறுத்துவதால் வரும் நஷ்டம்தான் பெரியது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து பெரும்பாலும் பருப்பு, கீரை, கேழ்வரகிலிருந்து வருகிறது. கூடவே பழத்திலுள்ள வைட்டமின் சி இல்லாவிட்டால் அதில் மிகக் கொஞ்சமே உடம்பில் சேரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நிலையில் மூன்று மாதம் பழம் கிடையாது என்பது நியாயமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி 4-6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1360 கலோரி, 16 கிராம் புரதம், 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ரசம் சாதத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 30 கிராம் அரிசியில் வடித்த சாதம், மேலே தெளிந்த ரசம்: ஏறக்குறைய 105 கலோரி, இரண்டரை கிராம் புரதம். வயிறு ரொம்பிவிடும், சத்து ஏறாது. அதே அரிசியோடு 15 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, ஒரு டீஸ்பூன் நெய் விட்டு, ரசத்தைக் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்தால் கலோரி இரட்டிப்பாகும், புரதமும் 6 கிராமைத் தொடும். ரசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடியில் தங்கும் பருப்பு மண்டியை விட்டுவிட்டு மேலே தெளிவை மட்டும் மொண்டு ஊற்றும் பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறோம்.

இந்தப் பருவத்தில் மலிவாகவும் நன்றாகவும் கிடைப்பவற்றை வைத்தே வாரத்தைத் திட்டமிடலாம். கொய்யா, நெல்லிக்காய், பப்பாளி, அவரைக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளி, பச்சை வேர்க்கடலை. சர்க்கரைவள்ளியில் ஒரு விஷயம் கவனியுங்கள். சந்தையில் அதிகம் வருவது உள்ளே வெள்ளையாக இருக்கும் ரகம். மாவுச்சத்துக்கு அது நல்லது, ஆனால் வைட்டமின் ஏ அதில் சொற்பம். அதற்கு உள்ளே ஆரஞ்சு நிறமுள்ள கிழங்கோ மஞ்சள் பூசணியோ வேண்டும், கூடவே கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ. வெறும் ஆவியில் வேகவைத்துக் கொடுத்தால் சத்து சரியாக உறிஞ்சப்படாது.

முருங்கைக்காய் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் முருங்கைக்கீரை தளதளவென்று கிடைக்கும். மழைக்காலக் கீரையில் பயப்பட வேண்டியது மண்ணுக்கு. கட்டோடு அலசாமல், ஆய்ந்த இலையை அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அளைந்து, இரண்டு நிமிடம் கழித்துக் கையால் மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தை அப்படியே வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் முழுக்கத் திரும்பக் கீரை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றி, நன்றாக வேகவைத்தால் பயமில்லை. அடை மாவில் கலந்து கொடுக்கலாம். ஆனால் எப்போதும் ஒளித்துவைத்தே கொடுத்தால் பிள்ளைக்குக் கீரை பழகாது. ஒரு டீஸ்பூன் பொரியல் தட்டோரத்தில் தனியாகவும் இருக்கட்டும். புது உணவை ஏற்க எட்டு முதல் பதினைந்து தடவை ஆகலாம். ஊட்டித் திணிக்காதீர்கள்.

வேர்க்கடலையில் இரண்டு ஆபத்து. முழுக்கடலை சிறு பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும், ஐந்து வயது வரை மசித்தோ பொடித்தோ கொடுங்கள். நவராத்திரிச் சுண்டலுக்கும் இதே விதிதான்: கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, விரலிடுக்கில் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, மசித்த பிறகே தட்டுக்கு வர வேண்டும். இரண்டாவது, ஈரத்தில் கிடந்த கடலையில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. கறுத்த, சுருங்கிய, கசக்கிற பருப்பைப் பொறுக்கி எறியுங்கள், ‘ஒன்றிரண்டுதானே’ என்று விடாதீர்கள்.

டப்பாவில் நடக்கும் தவறுகள்

ஆவி பறக்கும் இட்லியைச் சாதாரண டப்பாவில் போட்டு உடனே மூடினால் மூடியில் வேர்த்த நீர் சொட்டி, பத்தரை மணிக்குள் பிசுபிசுத்துவிடும். ஐந்து நிமிடம் தட்டில் ஆறவிட்டு வையுங்கள். மதியச் சாதத்துக்கு நேர்மாறாக, ஹாட் பேக்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, சாதத்தைச் சூடாக அடைக்க வேண்டும். ராத்திரி வெளியிலேயே வைத்த சாதத்தைக் காலையில் எலுமிச்சை சாதமாகத் தாளித்து அனுப்புவது வேண்டவே வேண்டாம். அதில் பெருகும் பாக்டீரியா விடும் ஒரு நச்சு தாளித்தாலும் அழியாது. தயிர் சாதம் தாராளமாக அனுப்பலாம்: குழைந்து ஆறிய சாதம் ஒரு கப், காய்ச்சி ஆறிய பால் முக்கால் கப், புளிக்காத தயிர் ஒரு டேபிள்ஸ்பூன். சாதம் சூடாக இருந்தால் தயிர் திரிந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சாப்பாட்டு நேரத்துப் பசி போய்விடும், இரும்புச்சத்தும் குறையும். டீ, காபி இந்த வயதில் கூடவே கூடாது. தாகம் எடுக்காததால் மழைக்காலத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை, மலச்சிக்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான். கொதித்து ஆறிய தண்ணீரை வெதுவெதுப்பாக, கேட்கும் முன்பே கொடுங்கள்.

காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு வந்து தேறினால் இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ‘பத்தியம்’ என்று குறைக்கக் கூடாது. பச்சரிசி, சாக்பீஸ், சுவர்க் காரை என்று சுரண்டித் தின்னும் பிள்ளையை அடித்துத் திருத்தப் பார்க்காமல், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். ஐந்து வயதுக்குள் அது 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சாப்பாட்டால் மட்டும் அதை ஏற்ற முடியாது, இரும்புச்சத்து மருந்தும் வேண்டியிருக்கும். அதை மருத்துவர் சொல்லும் அளவில், பாலோடு சேர்க்காமல் கொடுங்கள்.