கையாட்டி: கைரோனோமிடே என்னும் பெயரும் அதற்கான தமிழும்

வீட்டின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கியவர்கள், அடியில் படிந்த வண்டலுக்குள் சிவந்த நூலிழை போன்ற புழுக்கள் நெளிவதைக் கண்டிருப்பார்கள். மழைக்காலத்து மாலையில் ஏரிக்கரையோரம் நடந்தவர்கள், தலைக்கு மேலே புகைத்தூண் போல எழுந்தும் தாழ்ந்தும் ஆடுகிற பூச்சித் திரளைக் கண்டிருப்பார்கள். முன்னதை இரத்தப் புழு என்றும் பின்னதைக் கொசு என்றும் சொல்லிவிட்டு நகர்கிறோம். இரண்டும் ஒரே பூச்சியின் இரு பருவங்கள். அதற்கு இரத்தத்தைக் குடிக்கவும் தெரியாது, அது கொசுவும் அன்று. இருசிறகிப் பூச்சிகளின் வரிசையில் கைரோனோமிடே என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பத்தில் இதுவரை 7,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. உலகின் எல்லாக் கண்டங்களிலும் வாழும் இவ்வளவு பெரிய குடும்பத்துக்குத் தமிழில் பிழையற்ற ஒரு பெயர் வேண்டும் என்பதனால், அதன் கிரேக்கப் பெயர் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கிரேக்கத்தில் கெய்ர் என்றால் கை. அறுவை மருத்துவரைக் குறிக்கும் சர்ஜன் என்ற சொல்லும், வௌவால் வரிசையின் பெயரான கைரோப்டெரா என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தவை. முன்னது கைத்தொழில் செய்பவர் என்றும் பின்னது கையே சிறகானது என்றும் பொருள்படும். நோமோஸ் என்பது விதி, ஒழுங்கு. இவ்விரண்டும் சேர்ந்த கெய்ரோநோமோஸ் என்பது கைகளை ஒரு முறைப்படி அசைப்பவரை, குறிப்பாக வாய்ச்சொல் இல்லாமல் கையசைவாலேயே கருத்தைக் காட்டும் கூத்தரைக் குறித்தது. முதலாம் நூற்றாண்டின் உரோமானியச் சொற்கலை ஆசிரியர் குவின்டிலியன், மேடையில் பேசுபவர் கற்க வேண்டிய பயிற்சிகளுள் ஒன்றாகக் கைரோநோமியாவைக் கூறி, பெயரே காட்டுவதுபோல் அது அசைவின் விதி என்று விளக்குகிறார்.

இச்சொல்லின் வினை வடிவம் வரும் ஓர் இடம் நம் பூச்சிக்கு வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. சிக்கியோன் நகரை ஆண்ட கிளைஸ்தனிஸ் தன் மகளுக்கு மணமகனைத் தேர்ந்தெடுக்கும் விருந்தில், ஏதன்ஸைச் சேர்ந்த ஹிப்போகிளெய்டிஸ் மேசையின்மேல் ஏறி ஆடி, கடைசியில் தலைகீழாக நின்று கால்களால் 'கையசைத்துக்' காட்டினான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த ஆட்டத்தால் அவன் திருமணத்தை இழந்தான். கால்கள் செய்த வேலைக்குக் கையசைத்தல் என்ற வினையை ஹெரோடோட்டஸ் அங்கே பயன்படுத்தியிருக்கிறார். அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் பின்னர், காலால் கையசைக்கும் ஒரு பூச்சிக்கு அதே சொல் பெயராக அமைந்தது.

பெயரிட்டவர் செருமானியப் பூச்சியியலாளர் யோகான் வில்ஹெல்ம் மைகன். 1803-இல் அவர் கைரோனோமஸ் என்ற பேரினத்தை அமைத்தார். அதன் மாதிரிச் சிற்றினமான, அதாவது பேரினத்துக்கே அளவுகோலாக நிற்கும் சிற்றினமான கைரோனோமஸ் புளூமோசஸ், 1758-இலேயே லின்னேயஸால் வேறொரு பேரினத்தின்கீழ் விவரிக்கப்பட்டது. புளூமோசஸ் என்றால் இறகு போன்றது என்று பொருள். ஆண் பூச்சியின் உணர்கொம்பு மயிலிறகின் தூவி போலக் கிளைத்திருப்பதால் அந்த அடைமொழி. ஆனால் மைகன் 1800-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இதே பூச்சிகளுக்கு டென்டிபெஸ் என்ற இலத்தீன் பெயரை இட்டிருந்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அந்நூல் 1908-இல் மீண்டும் கவனத்துக்கு வரவே, முதலில் இட்ட பெயருக்கே உரிமை என்று ஒரு சாராரும், வழக்கில் நிலைத்த பெயரே தொடரட்டும் என்று மற்றொரு சாராரும் வழக்காட, அரை நூற்றாண்டுக் காலம் ஒரே குடும்பம் டென்டிபெடிடே என்றும் கைரோனோமிடே என்றும் இரு பெயர்களில் எழுதப்பட்டது. 1963-இல் பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையம் 1800-ஆம் ஆண்டு நூலின் பெயர்களை விலக்கியபோதுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

விலக்கப்பட்ட பெயரின் பொருள் 'காலை நீட்டுவது'. இக்குடும்பத்தைச் சேர்ந்த டானிபஸ் என்ற பேரினத்தின் பெயருக்கு 'நீட்டிய பாதம்' என்று பொருள். டானிடார்சஸ் என்பதற்கு 'நீண்ட கணுக்கால்' என்று பொருள். இப்பூச்சிகளைக் கூர்ந்து பார்த்தவர்களின் கண்ணில் மீண்டும் மீண்டும் பட்டது உயர்த்தி நீட்டிய முன்காலே என்பதற்கு இவையெல்லாம் சான்று. சுவரில் அமர்ந்திருக்கும் கொசு தன் பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். இந்தப் பூச்சியோ நான்கு கால்களில் நின்றுகொண்டு, மற்றவற்றைவிட நீளமான முன்னங்கால்கள் இரண்டையும் முகத்துக்கு முன்னே ஏந்தி, மெல்ல அசைத்துக்கொண்டிருக்கும். கொசுவுக்கு இருப்பதுபோன்ற ஊசிக்குழல் வாய் இதற்கு இல்லை. சிறகில் செதில்களும் இல்லை. உருப்பெருக்கி இல்லாமலே, விளக்கடிச் சுவரில் எவரும் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வேறுபாடு காலின் நிலைதான்.

இனித் தமிழில் வழங்கும் பெயர்களுக்கு வருவோம். ஆங்கில வழக்கைத் தழுவிக் 'கடிக்காத கொசு', 'கடியாக் கொசு' என்று எழுதுகிறார்கள். ஓர் உயிர் நமக்கு எதைச் செய்யவில்லையோ அதைக்கொண்டு அதற்குப் பெயரிடுவது குறையுடைய முறை என்பது என் கருத்து. அதைவிடப் பெரிய குறை, கொசு என்ற சொல்லே இங்கே பொருந்தாதது. கொசு என்பது கியூலிசிடே குடும்பத்துக்கு உரிய பெயர். ஈழத்தில் நுளம்பு என்பதும் அதையே குறிக்கிறது. கொசு என்ற பெயர் ஒட்டிக்கொண்டவுடன், நோய் பரப்பாத இந்தப் பூச்சியின் திரளைக் கண்டும் புகைமருந்து அடிக்கச் சொல்லித் தெருவே பதறுகிறது. ஐஸ்லாந்தில் மீவாட்ன் என்றோர் ஏரி உண்டு. மீ என்றால் சிறுபூச்சி, வாட்ன் என்றால் நீர். பூச்சித் திரளாலேயே பெயர் பெற்ற ஏரி அது. அந்நாட்டு மக்கள் கடிக்கும் கரு ஈயைப் 'பிட்மீ' என்றும், நம் பூச்சியைத் 'தூசிமீ' என்று பொருள்படும் 'ரிக்மீ' என்ற சொல்லாலும் பிரித்தே வழங்குகிறார்கள். உடன் வாழ்ந்தவர்களுக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தனிச்சொல் தேவைப்பட்டிருக்கிறது.

'இரத்தப் புழு' என்பதில் இரண்டாம் பாதியில் தவறில்லை. பட்டுப்புழு, கம்பளிப்புழு என்று பூச்சியின் இளம்பருவத்தையும் புழு என்றே அழைப்பது தமிழின் இயல்பு. பாடநூல்கள் இளவுயிரி என்றும் குடம்பி என்றும் கூறுவது அதன் நுட்பமான வடிவம். இடர் முதல் பாதியில்தான். இரத்தம் என்ற சொல் இந்தப் புழு இரத்தத்தைக் குடிப்பதாக அச்சமூட்டுகிறது. உண்மையில் சிவப்பு அதன் சொந்தச் சிவப்பு. நம் குருதியில் உள்ள ஹீமோகுளோபின் வகைப் புரதம் இப்புழுவின் உடல்நீரில், அணுக்களுக்குள் அடைபடாமல், நேரடியாகக் கரைந்திருக்கிறது. பூச்சிகளில் இது மிக அரிது. கழிவு சேர்ந்து ஆக்சிஜன் அருகிய சேற்றில், மற்றப் பூச்சிகளின் இளவுயிரிகள் மூச்சுமுட்டி மடியும் இடத்தில், கிடைக்கும் சிறிதளவு ஆக்சிஜனையும் இறுகப் பற்றிக்கொள்ள அந்தப் புரதம் உதவுகிறது. இக்குடும்பத்தின் எல்லாப் புழுக்களும் சிவந்தவை அல்ல. ஓடும் தெளிநீரில் வாழ்பவை பெரும்பாலும் பச்சையாகவோ வெளிறியோ இருக்கும். ஆகவே நிறத்தைக் குடும்பத்துக்கே பெயராக்க முடியாது. சிவந்தவற்றை மட்டும் செம்புழு என்று சொல்லலாம். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குச் செல்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மீன் தீனியாக விற்கப்படும் டியூபிஃபெக்ஸும் சிவப்புதான், ஆனால் அது மண்புழுவுக்கு உறவானது, ஒருநாளும் அதற்குச் சிறகு முளைக்காது.

இந்தப் புழு வாழும் வாழ்க்கை பெயரைவிடச் சுவையானது. பெண் பூச்சி பசை போன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சரமாக இடுகிறது. பொரித்து வரும் புழு நான்கு பருவங்களைக் கடக்கிறது. பெரும்பாலானவை தம் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஊறும் பட்டிழையால் வண்டல் துகள்களை ஒட்டிக் குழல் கட்டி, அதற்குள் உடலை அலைபோல் அசைத்து நீரை இழுத்து, மூச்சுக்கும் உணவுக்கும் வழி செய்துகொள்கின்றன. மட்கிய இலை, பாசி, நுண்ணுயிர் ஆகியவை அவற்றின் உணவு. டானிபோடினே என்ற துணைக்குடும்பத்தினர் பெரும்பாலும் பிற சிற்றுயிர்களை வேட்டையாடுகின்றனர். கூட்டுப்புழுவான பிறகு நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்து, தோல் பிளந்து, சில நொடிகளில் பூச்சி பறந்துவிடுகிறது. அதன்பின் அதற்கு வாழ்நாள் பெரும்பாலும் சில நாட்களே. ஆண்கள் ஒரு மரத்தின் உச்சியையோ கம்பத்தையோ அடையாளமாகக் கொண்டு திரண்டு ஆட, அத்திரளுக்குள் நுழையும் பெண்ணின் சிறகோசையை அந்தத் தூவி உணர்கொம்பு கேட்டறிகிறது. நாம் மாலையில் காணும் புகைத்தூண் இதுதான்.

குளத்தின் அடியில் அழுகிப்போகும் கழிவு, இந்தப் புழுவின் உடலாக மாறி, மீனுக்கும் தவளைக்கும் உணவாகிறது. சிறகு பெற்று எழுந்த பிறகு தட்டானுக்கும் தகைவிலானுக்கும் சிலந்திக்கும் உணவாகிறது. நீரின் சத்து கரையேறும் வழிகளில் இது முதன்மையான ஒன்று. மீவாட்ன் கரையில் விழுந்து மடியும் பூச்சித் திரள் அந்நிலத்துக்கே உரமாகிறது.

ஏரியின் உடல்நிலையை இப்புழுக்களைக் கொண்டு அறியலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செருமானியரான ஆகஸ்ட் தீனெமன் காட்டினார். சத்துக் குறைந்து ஆழத்திலும் ஆக்சிஜன் நிறைந்த ஏரியில் டானிடார்சஸும், சத்து மிகுந்து அடிநீரில் ஆக்சிஜன் வற்றிய ஏரியில் கைரோனோமஸும் மிகுந்திருக்கும் என்பது அவர் கண்ட முறை. புழுவின் தலை ஓடு, பூச்சிகளின் புறத்தோட்டில் உள்ள கைட்டின் என்ற உறுதியான பொருளால் ஆனது. சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். ஏரிப் படிவை அடுக்கடுக்காக எடுத்து அதிலுள்ள தலை ஓடுகளின் வகைகளை எண்ணி, அக்காலத்துக் கோடை வெப்பநிலையைக்கூட மதிப்பிடுகிறார்கள். மரபியலுக்கும் இப்புழு உதவியிருக்கிறது. 1881-இல் பால்பியானி என்ற பிரெஞ்சு ஆய்வாளர், இதன் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான் பட்டைபட்டையான பேருருக் குரோமோசோம்களை முதன்முதலில் கண்டார்.

உலர்ந்த பாறைக்குழியும் உறைந்த கண்டமும்கூட இக்குடும்பத்துக்கு வாழிடங்கள். ஆப்பிரிக்கப் பாறைக்குழிகளில் வாழும் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கியின் புழு, குழி வற்றும்போது உடல்நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்து, டிரெகலோஸ் என்ற சர்க்கரையை உடலில் நிரப்பிக் கருவாடு போலக் கிடந்து, மழை பெய்ததும் உயிர்த்தெழுகிறது. அண்டார்டிகாவின் பெல்ஜிகா அண்டார்டிகா சிறகே இல்லாதது. அரை சென்டிமீட்டர் அளவுள்ள அதுவே அக்கண்டத்தில் முழுக்க நிலத்தில் வாழும் இயல்விலங்குகளுள் மிகப் பெரியது.

இனி என் பரிந்துரை. செயலைக் கொண்டு உயிர்களுக்குப் பெயரிடுவது தமிழின் பழைய வழக்கம்: மரங்கொத்தி, மீன்கொத்தி, வாலாட்டி. வாலை ஆட்டும் குருவி வாலாட்டி என்றால், கையை ஆட்டும் இந்தப் பூச்சி கையாட்டி. பூச்சியின் முன்காலைக் கை எனலாமா என்ற ஐயம் எழக்கூடும். நடக்கப் பயன்படாமல் ஏந்தி அசைக்கப்படும் உறுப்பைக் கை என்பதில் தமிழுக்குத் தயக்கம் இருந்ததில்லை. யானையின் மூக்கு நமக்குத் துதிக்கை, யானையே கைம்மா. கிரேக்கச் சொல்லின் கூத்துப் பொருளும் இதில் நழுவாது. சிலப்பதிகார அரங்கேற்று காதை 'பிண்டியும் பிணையலும் எழிற்கையும் தொழிற்கையும்' என்று அடுக்கும் இடத்தில், கை என்பது உறுப்பாக நிற்காமல் ஆடுபவர் காட்டும் அசைவாகிவிடுகிறது. கெய்ரோநோமோஸ் என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே கை. அவிநயப்பூச்சி என்றும் சொல்லலாம்தான். ஆனால் ஏரிக்கரையில் நிற்கும் ஒரு சிறுமி கேட்டவுடன் பூச்சியைப் பார்த்துத் தலையசைக்கும் பெயர் கையாட்டி என்றே எனக்குப் படுகிறது.

குடும்பத்தைக் கையாட்டிக் குடும்பம் என்றும், இளம்பருவத்தைக் கையாட்டிப் புழு என்றும், அவற்றுள் சிவந்ததைக் கையாட்டிச் செம்புழு என்றும் எழுதலாம். ஆய்வுக் கட்டுரைகளில் கைரோனோமிடே என்ற பன்னாட்டுப் பெயரும் உடன் நிற்க வேண்டும். நெருங்கிய உறவான செரட்டோபோகோனிடே குடும்பத்தை மட்டும் இப்பெயருக்குள் இழுத்துவிடக் கூடாது. அவற்றுள் பல இரத்தம் உறிஞ்சக் கடிப்பவை. அவற்றின் முன்னங்கால்கள் நீண்டவையும் அல்ல, ஏந்தி அசைக்கப்படுபவையும் அல்ல.