‘நடத்தையில் மாற்றம் இல்லை’ என்று வரும் பேட்சை எப்படிப் படிப்பது?

நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் மென்பொருள் கிட். அந்தத் திட்டத்துக்கு வரும் பேட்ச்களிலேயே (நிரலில் செய்ய முன்மொழியும் மாற்றங்கள்) பார்க்கச் சாதுவாக இருப்பது ரீஃபாக்டரிங் பேட்ச்தான், அதாவது நடத்தையை மாற்றாமல் நிரலின் அமைப்பை மட்டும் சீராக்குவது. புதிய வசதி கிடையாது, புதிய ஆப்ஷன் கிடையாது, ஆவணத்தில் ஒரு வரிகூட மாறாது. கமிட் செய்தியின் (மாற்றத்தோடு சேர்ந்து பதிவாகும் குறிப்பு) கடைசியில் ‘நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்ததுமே ரிவ்யூ செய்பவரின் கண் வேகமாக ஓட ஆரம்பித்துவிடும். நான் பார்த்தவரை, பக் நழுவிப் போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

புதிய வசதியைச் சேர்க்கும் பேட்சில் தப்பு இருந்தால், அந்த வசதியைப் பயன்படுத்திப் பார்ப்பவர் மாட்டுவார். ரீஃபாக்டரிங்கில் தப்பு இருந்தால், அதே கட்டளையை நம்பிப் பல வருடங்களுக்கு முன்பே ஸ்கிரிப்ட் எழுதி வைத்தவர் மாட்டுவார். ஏதோ மாறியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வெளியீட்டுக் குறிப்பிலும் இருக்காது. அதனால் அந்தக் கடைசி வரியைப் பேட்ச் எழுதியவர் கொடுக்கும் வாக்காகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வாக்கு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் ரிவ்யூ.

அப்படியானால் ரீஃபாக்டரிங்கே வேண்டாமா? அப்படி இல்லை. கிட்டின் கதையே அதற்குச் சாட்சி. 2005 ஏப்ரலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய திட்டம் இது. அதே வருடம் ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ மெயின்டெய்னராக, அதாவது எந்தப் பேட்சைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவராக, இருக்கிறார். கிட் சேமிக்கும் ஒவ்வொரு ஃபைலும் கமிட்டும் ஒரு ஆப்ஜெக்ட்; அதன் பெயர், உள்ளடக்கத்திலிருந்து ஷா-1 என்ற முறையில் கணக்கிடும் ஹாஷ் எண். ஆரம்ப கால நிரலில் அந்தப் பெயர் 20 பைட் கொண்ட வெறும் அரே. அந்த 20 என்ற எண் பல ஃபைல்களில் அப்படியே எழுதப்பட்டிருந்தது. 2017 பிப்ரவரியில், ஷா-1இல் ஒரே ஹாஷ் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் ஃபைல்களை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்கு மாற்றான ஷா-256க்கோ 32 பைட் வேண்டும். அந்த அரேக்களை எல்லாம் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் (சியில் தரவுகளைச் சேர்த்துக் கட்டிவைக்கும் வகை) கொண்டுவரும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, பின்பும் வருடக்கணக்கில் நடந்தது. பயனர் கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்தப் பேட்ச்கள் இல்லாமல், 2020 அக்டோபரில் வந்த 2.29 பதிப்பில் ஷா-256 ரெப்பாசிட்டரியை (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) சோதனை முறையிலாவது உருவாக்கியிருக்க முடியாது. தி_ரெப்பாசிட்டரி என்ற குளோபல் மாறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களையும் வேலையும் இதே வகைதான்.

ஆக, முதல் கேள்வி ‘இது எதற்கு?’ என்பதுதான். பின்னால் ஒரு வசதி வரப்போகிறது, அதற்கு இடம் ஒதுக்குகிறோம் என்றால் சரி. ஒரே தர்க்கம் மூன்று இடங்களில் கிடக்கிறது, ஒன்றில் திருத்தினால் மற்ற இரண்டில் விட்டுப்போகிறது என்றாலும் சரி. ‘படிக்க அழகாக இருக்கும்’ என்பது மட்டும்தான் காரணம் என்றால் நான் தயங்குவேன். கிட்டின் நிரல் நடை வழிகாட்டியே, உண்மையான வேலை ஒன்றைச் செய்யும்போது அந்த இடத்தைத் துப்புரவு செய்யலாம், நடைக்காக மட்டும் ஏற்கெனவே உள்ள நிரலைக் கிளற வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கிளறினால் மற்றவர்கள் தனியாக வேலை செய்யும் பிராஞ்ச்களை இணைக்கும்போது மெர்ஜ் மோதல் வரும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் பிளேம் கட்டளையைப் போட்டால் எல்லா வரியிலும் துப்புரவு செய்தவர் பெயரே நிற்கும். 2.23 பதிப்பிலிருந்து அத்தகைய கமிட்களைத் தாண்டிப் போகும்படி பிளேமிடம் சொல்ல முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வசதி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.

காரணம் சரியாக இருக்கிறதென்றால், அடுத்து நகர்ந்த வரிகளையும் மாறிய வரிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்கு முந்நூறு வரி போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றங்களைக் காட்டும் சாதாரண டிஃப்பில் முந்நூறு சிவப்பு (நீக்கியவை), முந்நூறு பச்சை (சேர்த்தவை). நடுவில் ஒரே ஒரு ‘சிறியது’ குறி ‘சிறியது அல்லது சமம்’ ஆகியிருந்தால் எந்தக் கண்ணும் பிடிக்காது. இதற்காகவே 2017இல் 2.15 பதிப்பில் கலர்-மூவ்ட் என்ற டிஃப் ஆப்ஷன் வந்தது. எழுத்து மாறாமல் இடம் மட்டும் மாறிய வரிகளை அது வேறு நிறத்தில் காட்டும். அடுத்த வருடம் வந்த 2.19இல் அதற்குத் துணையாக ஒயிட்ஸ்பேஸ் மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும் ஆப்ஷனும் சேர்ந்தது. உள்தள்ளல் மட்டும் மாறியிருந்தாலும் நகர்ந்த வரி என்றே காட்டும். இரண்டையும் போட்டுப் பார்த்தால் வழக்கமான சிவப்பு பச்சையில் மிஞ்சுவது பத்திருபது வரிதான். நேரத்தை அங்கே செலவழியுங்கள். அந்த மிச்சமும் பெரிதாக இருந்தால், பேட்சை இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லத் தயங்க வேண்டாம்: முதலில் அப்படியே நகர்த்தும் கமிட், பிறகு மாற்றும் கமிட். ‘கையோடு கையாக இதையும் சரிசெய்தேன்’ என்று கமிட் செய்தியில் கண்டால் அந்தத் திருத்தம் தனிக் கமிட்டாகப் போக வேண்டும். எவ்வளவு நல்ல திருத்தமாக இருந்தாலும் சரி.

டிஃப்பில் பளிச்சென்று தெரியாத இரண்டு விஷயங்களை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சி நிரலில் இவை திரும்பத் திரும்ப வருபவை.

ஒன்று எர்னோ: ஒரு சிஸ்டம் கால் தோற்றால் அதன் காரணம் எண்ணாகப் பதிவாகும் மாறி. ஒரு ஃபங்ஷன் ஃபைலைத் திறக்கிறது, படிக்கிறது, எதையோ சரிபார்க்கிறது. எங்கே தோற்றாலும் அங்கேயே பிழைச் செய்தியை அச்சிட்டு, ஃபைலை மூடி, -1 திருப்பி அனுப்புகிறது. இதே நான்கு வரி மூன்று இடங்களில் இருக்கிறது. பேட்ச் எழுதியவர் எல்லாவற்றையும் கடைசியில் ஒரே லேபிளுக்குக் கொண்டுபோகிறார்: அங்கே முதலில் ஃபைலை மூடுவது, பஃபரை விடுவிப்பது, பிறகு தோல்வியென்றால், எர்னோவில் உள்ள காரணத்தோடு பிழைச் செய்தியை அச்சிடும் எரர்_எர்னோவைக் கூப்பிடுவது. படிக்க உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு, படிப்பது தோற்ற மறுகணமே பிழைச் செய்தி போனது. இப்போது நடுவில் இரண்டு ஃபங்ஷன் கால் புகுந்துவிட்டது. வெற்றிகரமாக முடிந்த ஒரு கால்கூட எர்னோவில் எதை விட்டுச்செல்லும் என்று பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான தரநிலை) பொதுவாக உறுதி தருவதில்லை. ‘அனுமதி இல்லை’ என்று வந்துகொண்டிருந்த செய்தி, ஏதாவது ஒரு சிஸ்டத்தில், சம்பந்தமே இல்லாத வேறு காரணத்தைச் சொல்லும். பயனர் அதை நம்பித் தேடக் கூடாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். தோல்வி நடந்த இடத்திலேயே எர்னோவை ஒரு லோக்கல் மாறியில் பத்திரப்படுத்தினால் தீர்ந்தது. கிட்டின் நிரலில் சேவ்ட்_எர்னோ என்ற மாறி அங்கங்கே தென்படுவது இதற்காகத்தான்.

இன்னொன்று இதைவிட நுணுக்கமானது. ஆப்ஜெக்ட் பெயரை ஹெக்ஸ் எழுத்துகளாக மாற்றித் தரும் ஓஐடி_டு_ஹெக்ஸ் என்ற ஃபங்ஷன் உள்ளே நான்கு ஸ்டாட்டிக் பஃபர்களை (ஃபங்ஷன் முடிந்த பின்னும் அழியாத நினைவிடங்கள்) வைத்துக்கொண்டு சுழற்சி முறையில் ஒவ்வொன்றாகத் தருகிறது. வாங்கியவுடன் அச்சிட்டுவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. இப்போது ரீஃபாக்டரிங் செய்பவர், ‘ஒரே ஃபங்ஷனை லூப்புக்கு முன்னும் பின்னும் கூப்பிடுகிறோமே’ என்று அதன் விடையை மேலே ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறார். எந்தப் பாடப்புத்தகமும் பாராட்டும் மாற்றம் இது. ஆனால் அந்த லூப்பும் ஒவ்வொரு சுற்றிலும் அதே ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. நான்காவது சுற்றில் முதல் பஃபர் திரும்ப வந்து, மேலே வைத்த மாறி வேறொரு ஆப்ஜெக்டின் பெயரைக் காட்டத் தொடங்கும். டெஸ்டில் இரண்டே ஆப்ஜெக்ட் இருந்தால் எல்லாம் பாஸ். நினைவகத்தைச் சோதிக்கும் சானிடைசரும் வாய் திறக்காது, ஏனென்றால் அந்த நினைவகம் முறையாகச் சொந்தமானதே. சொந்த பஃபரை வாங்கிக்கொள்ளும் ஓஐடி_டு_ஹெக்ஸ்_ஆர் என்ற வடிவம் இதற்கென்றே இருக்கிறது. ரிவ்யூவில் இதைப் பிடிக்க வேண்டுமானால், கூப்பிடப்படும் ஃபங்ஷன் தரும் பாயின்டருக்குச் சொந்தக்காரர் யார், அது எதுவரை செல்லும் என்று போய்ப் பார்த்தே ஆக வேண்டும். டிஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால்தான் ‘எல்லா டெஸ்டும் பாஸ்’ என்பதை நான் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பிழை நடக்கும் பாதைகளுக்கு டெஸ்ட் இருப்பது அபூர்வம்; ரீஃபாக்டரிங் உடைப்பதும் அநேகமாக அதே பாதைகளைத்தான். டை என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கட்டளையே நின்றுவிடும் இடத்தை -1 திருப்பும்படி மாற்றினால், கூப்பிடும் ஒவ்வொரு இடமும் அந்த -1ஐக் கவனிக்கிறதா என்று பாருங்கள். டை போட்டால் கட்டளையின் எக்ஸிட் கோட் (முடியும்போது தரும் எண்) 128. அந்த -1 அப்படியே வெளியே வந்தால் அது 255 ஆகிவிடும். 128ஐ எதிர்பார்த்து எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு இது மாற்றம்தான். சந்தேகமாக இருந்தால், இப்போதைய நடத்தையை அப்படியே பதிவு செய்யும் டெஸ்ட் ஒன்றைப் பேட்ச் வரிசையின் முதல் பேட்சாகக் கேளுங்கள். பழைய நிரலிலும் அது பாஸ் ஆக வேண்டும், கடைசிப் பேட்சுக்குப் பிறகும் பாஸ் ஆக வேண்டும். நடுவில் உள்ள ஒவ்வொரு கமிட்டும் தனித்தனியாகக் கம்பைல் ஆகி டெஸ்டில் தேறுகிறதா என்பதையும் கமிட்களை வரிசையாக மறுபடி பொருத்தும் ரீபேஸ் கட்டளையின் எக்ஸெக் ஆப்ஷன் வழியாக ஓட்டிப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் பின்னாளில் ஒரு பக் எந்த கமிட்டில் வந்தது என்று பைசெக்ட் போட்டுத் தேடுபவர் நடுவழியில் நிற்பார்.

மெர்ஜ் ஆகும்போது வரும் ஆபத்து வேறு இருக்கிறது. ஒரு பேட்ச் ஒரு ஃபங்ஷனில் இரண்டு இன்ட் (முழு எண்) ஆர்க்யுமென்ட்களின் வரிசையை மாற்றி, கூப்பிடும் எல்லா இடங்களையும் ஒழுங்காகத் திருத்திவிட்டது. அதே வாரம் இன்னொருவரின் பிராஞ்சில் அதே ஃபங்ஷனைப் பழைய வரிசையில் கூப்பிடும் புது வரி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஃபைல் என்பதால் மெர்ஜில் மோதல் வராது. வகை ஒன்றே என்பதால் கம்பைலரும் எச்சரிக்காது. எனவே ஒரு ஃபங்ஷனின் பொருள் மாறினால் பெயரையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய பெயரில் கூப்பிடும் நிரல் அப்போது கம்பைல் நிலையிலேயே உடையும். கூடவே, மாஸ்டர் என்ற முக்கிய பிராஞ்சில் மட்டும் தேடி நிறுத்திவிடாமல் சீன் என்ற பிராஞ்சிலும் கிட் கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். பரிசீலனையில் இருக்கும் பல பேட்ச்களை மெயின்டெய்னர் அங்கேதான் சேர்த்து வைக்கிறார்.

இன்னும் ஒன்று. ரீஃபாக்டரிங்கில் ‘தேவையில்லாத’ வரி என்று எதையாவது நீக்கியிருந்தால், கமிட் வரலாற்றைக் காட்டும் லாக் கட்டளையில் எஸ் ஆப்ஷனுடன் அந்த வரியைக் கொடுத்து அது எந்த கமிட்டில் பிறந்தது என்று தேடுங்கள். விசித்திரமாகத் தோன்றும் ஒரு நிபந்தனைக்குப் பின்னால், ஒரே ஒரு இயங்குதளத்தில் மட்டும் வந்த பிரச்சினை இருக்கும். அந்த கமிட் செய்தியைப் படித்த பிறகும் நீக்கலாம் என்று தோன்றினால் நீக்கட்டும். காரணம் புதிய கமிட் செய்தியில் வரட்டும்.

பேட்ச் வரிசையின் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்ததும் ரேஞ்ச்-டிஃப் என்ற கட்டளை பெரிய உதவி. முந்தைய வரிசைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கமிட் கமிட்டாகக் காட்டும். ஆனால் நான் முதல் முறை கவனிக்காமல் விட்டதை அது எனக்குச் சுட்டிக்காட்டாது என்பதால், சிக்கலான பேட்சை மட்டும் முழுதாக இன்னொரு முறை படித்துவிடுவேன்.

அப்புறம், ரிவ்யூவில் என்ன எழுதுகிறோம் என்பது. ரீஃபாக்டரிங் அனுப்புபவர்களில் பலர் திட்டத்துக்குப் புதியவர்கள்; முதல் அடி எடுத்து வைக்க இது எளிதான வேலை என்று நம்பி வருகிறார்கள். அவர்களிடம் ‘இது தவறு’ என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். ‘படிப்பது தோற்றால் இந்த லேபிளுக்கு வருவதற்குள் எர்னோ மாறிவிடாதா?’ என்று எழுதினால், அவர் தானே அந்தப் பாதையில் நடந்து பார்ப்பார். கட்டாயம் திருத்த வேண்டியது எது, வெறும் விருப்பம் எது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். மாறியின் பெயர் பற்றிய பத்துக் கருத்துகளுக்கு நடுவே உண்மையான பக் பற்றிய ஒரு வரி புதைந்துபோனால், அவர் பத்தையும் திருத்திவிட்டு அந்த ஒன்றை விட்டுவிடுவார்.

சரி என்று சொல்லும்போதும் எதைப் பார்த்துச் சரி என்கிறீர்கள் என்று எழுதுங்கள். ‘முதல் மூன்று பேட்ச்களில் கூப்பிடும் எல்லா இடங்களையும் ஒப்பிட்டேன், நான்காவதில் நினைவக விடுவிப்பை மட்டும் பார்த்தேன், ஐந்தாவதைத் தொடவில்லை’ என்றால் மெயின்டெய்னருக்கு எங்கே இன்னொரு கண் தேவை என்று தெரிந்துவிடும். கிட்டில் கமிட் செய்தியில் சேரும் ரிவ்யூட்-பை என்ற வரியை, பேட்சை விரிவாக ஆராய்ந்து முழுத் திருப்தி அடைந்த ரிவ்யூவர் மட்டுமே, தானே முன்வந்து தர முடியும் என்பது விதி. பாதி படித்த வரிசைக்கு அந்த வரியைத் தர வேண்டியதில்லை. படித்த பாதியைப் பற்றிய குறிப்பே மெயின்டெய்னருக்குப் போதும்.