ஆட்டோஃபேஜி: தன்னுண்ணலும் அயலுண்ணலும்

விரதம் பற்றிய யூடியூப் காணொலிகளின் புண்ணியத்தில் ‘ஆட்டோஃபேஜி’ இப்போது வீட்டுப் பேச்சிலேயே அடிபடுகிறது. கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் தான், ‘ஃபாகெய்ன்’ என்றால் உண்ணுதல். தெருமுனையில் நிற்கும் ஆட்டோவிலும் இருப்பது அதே ‘தான்’தான்: தானே ஓடும் வண்டி.

பெயர் வைத்தவர், செல்லுக்குள் செரிமானம் செய்யும் பையான லைசோசோமைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியான் டி டுவ். 1963-இல், லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில். தனக்குள் பழுதான நுண்ணுறுப்பையும் கழிவுப் புரதத்தையும் செல் ஒரு சவ்வால் பொதிந்து, லைசோசோமுக்கு அனுப்பிச் செரித்து, கிடைத்ததை மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. ஈஸ்ட்டில் இதற்கான மரபணுக்களைத் தேடிப் பிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழில் ‘தன்விழுங்கல்’ என்றும் சொல்லலாம், ‘தன்னுண்ணல்’ என்றும் சொல்லலாம். என் ஓட்டு பின்னதற்கு. விழுங்கினால் தொண்டையோடு சரி. உண்டால்தான் உடம்பில் ஒட்டும். மேலும், வெள்ளையணுக்கள் வெளியிலிருந்து கிருமியை உள்ளே இழுக்கும் ‘ஃபாகோசைட்டோசிஸ்’ என்பதற்குச் ‘செல்விழுங்கல்’ என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் குழப்பக் கூடாது. இன்னொரு குழப்பமும் உண்டு. லைசோசோமைத் ‘தற்கொலைப் பை’ என்று பள்ளியில் படித்த பழக்கத்தில், தன்னுண்ணலையும் தற்கொலை என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் இது பிழைத்துக்கொள்ளும் வழி.

சிக்கல் 2004-இல் வந்தது. செல்லுக்குள் புகுந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் காசநோய்க் கிருமியையும் இதே ஏற்பாடு பிடித்துச் செரிப்பதாக அந்த ஆண்டு ஆய்வுகள் காட்டின. உண்பது செல்தான், உண்ணப்படுவது ‘தான்’ இல்லையே!

சால்மோனெல்லா என்ற குடல் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். குடல் செல்லுக்குள் நுழையும்போது அது ஒரு சவ்வுப் பைக்குள் உட்கார்ந்துதான் வருகிறது. சில நேரம் அந்தப் பை கிழிகிறது. பையின் உட்புறத்தில் மறைந்திருந்த சர்க்கரைச் சங்கிலிகள் அப்போது வெளியே தெரிகின்றன. செல்லின் உட்பாகத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. இருந்தால் எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். கேலக்டின்-8 என்ற புரதம் போய் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. அதை என்.டி.பி.52 என்ற புரதம் பிடிக்க, அதன் மறுகை எல்.சி.3 என்ற புரதம் பதித்த புதுச் சவ்வை இழுத்து வருகிறது. பிறை போலத் தொடங்கும் அந்த இரட்டைச் சவ்வு கிண்ணமாக வளைந்து, கிருமியைச் சுற்றி வாய் மூடுகிறது. பிறகு லைசோசோம் வந்து இணைகிறது; உள்ளே அமிலமும் நொதிகளும். பையை விட்டு வெளியேறிவிட்ட கிருமிக்கும் தப்பில்லை. யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை அதன் மேல் அப்பி, செல் அடையாளம் வைத்துவிடும்.

இந்த வகைக்கு ‘செனோஃபேஜி’ என்று தனிப்பெயர். ‘செனோஸ்’ என்றால் அயலார். ஆகவே ‘அயலுண்ணல்’. தன்னுண்ணலின் ஒரு கிளை இது என்று கொண்டால் முரண்பாடும் தீர்ந்தது.

ஆனால் கிரேக்கத்தில் ‘செனோஸ்’ என்பதற்கு விருந்தாளி என்றும் பொருளுண்டு. நம் ‘விருந்து’ம் அப்படித்தான்: முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்தவர், கடைசியில் அவருக்குப் போடும் சாப்பாடு. வந்த விருந்தே விருந்தாகிவிடுகிற இந்தச் செயலுக்கு ‘விருந்துண்ணல்’ என்று பெயர் வைக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. பாடநூலில் வைத்தால் மாணவர்கள் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எல்லா விருந்தும் அப்படி மாட்டிக்கொள்வதும் இல்லை. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா, ராவ்-இசட் என்ற நொதியை அனுப்பி, எல்.சி.3-ஐச் சவ்விலிருந்து வெட்டிவிடுகிறது, அதுவும் மறுபடி ஒட்டவே முடியாத இடத்தில். பந்திக்கு இலை போடும் முன்பே இலைக்கட்டை நறுக்கிப் போட்டுவிடுகிற விருந்தாளி.